சோறு, கருவாடு, புற்றுநோய்: நகரத்துச் சேரியின் முதியவர்கள் பற்றி

(வடசென்னையில் மாணவர்களும் களப்பணித் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சாப்பாட்டைப் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டாங்க. சாப்பாடு என்றாலே நம்ம கூட்டங்களில் பேச்சு மாட்டுக்கறிக்குப் போய்விடும். அதுவும் நியாயம்தான். தீண்டாமையின் தோற்றத்தையே மாட்டிறைச்சியோடு சேர்த்து ஆராய்ந்து 1948இல் அம்பேத்கர் ஒரு புத்தகம் எழுதினார். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஊருக்கு வெளியே வைத்தார்கள் என்றால், தட்டைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? மாட்டுக்கறிக்கு நானும் பிறகு வருகிறேன். முதலில் நம்ம வீட்டு ஆயா, தாத்தா தட்டைப் பார்ப்போம். அறுபது வயதைத் தாண்டியவர்கள், வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கண்ணகி நகரிலோ பத்துக்குப் பத்து அறையின் மூலையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்கள். இவர்களுக்கு வருகிற புற்றுநோய்க்கும் இவர்கள் சாப்பிட்டதற்கும், சாப்பிடக் கிடைக்காததற்கும் என்ன தொடர்பு என்பதுதான் விஷயம்.

ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். 1981இல் டோல், பீட்டோ என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள், அமெரிக்காவில் புற்றுநோய்ச் சாவுகளில் சுமார் 35 சதவீதம் உணவோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டார்கள். பத்திலிருந்து எழுபது வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவர்களே போட்டிருந்தார்கள். பத்துக்கும் எழுபதுக்கும் நடுவில் என்றால் அது கணக்கு இல்லை, ஊகம். ஆனால் அந்த 35 மட்டும் உலகம் முழுக்கச் சுற்றியது. சுற்றி வந்தபோது அதற்கு இன்னொரு அர்த்தமும் ஏறிக்கொண்டது. உனக்கு நோய் வந்ததா, நீ தின்றது சரியில்லை, உன் தப்பு. குடிசைப் பகுதியில் சுகாதாரப் பிரச்சாரம் பண்ண வருகிறவர்கள் பலபேர் இந்தக் குரலில்தான் பேசுகிறார்கள். 'பழம் சாப்பிடுங்கம்மா, காய் நிறையச் சேர்த்துக்குங்க.' அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய் ரேஷன் அரிசியை உலையில் போடுவாங்க.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது. இரண்டும் சேர்த்து அரைக் கிலோ. மாதத்துக்குப் பதினைந்து கிலோ. பழத்தையும் காயையும் ஒன்றாக்கி, கிலோ நாற்பது ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். 600 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2011இலிருந்து 1000 ரூபாய், 2023இல் 1200 ஆக்கினார்கள். அந்த 1200இல் பாதி காய்க்கும் பழத்துக்குமே போய்விடும். மீதிப் பாதியில் மாத்திரை, சோப்பு, டீ, பேரப்பிள்ளை கையை நீட்டினால் ஒரு பிஸ்கட். இப்போது சொல்லுங்கள், யாருடைய தப்பு?

சரி, நோய்க்கு வருவோம். சென்னைக்கென்று தனியாக ஒரு புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அதை நடத்துகிறது. ஆண்களுக்கு நுரையீரல், இரைப்பை, வாய் முன்வரிசையில் நிற்கின்றன. பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய். இதில் இரைப்பைப் புற்று தனியாகக் கவனிக்க வேண்டியது. மும்பை, டெல்லியைவிடச் சென்னையில் அது அதிகம். வடகிழக்கு மாநிலங்களை விட்டுவிட்டால் இந்தியாவில் அதிகமாக உள்ள இடங்களில் சென்னையும் பெங்களூரும் உண்டு. அறிக்கைகளில் ஆண், பெண், வயது, உறுப்பு என்று அட்டவணை அட்டவணையாக இருக்கிறது. சாதி இல்லை. குடிசையில் இருந்தாரா மாடிவீட்டில் இருந்தாரா என்பதும் இல்லை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணாத இடத்தில் நாம் சாவதே இல்லை என்பது மாதிரி ஆகிவிடுகிறது.

இரைப்பைப் புற்று எப்படி வருகிறது? ஹெலிகோபாக்டர் பைலோரி என்று ஒரு கிருமி. இரைப்பையின் உள்சுவரில் குடியேறி அதைப் புண்ணாக்குகிறது. இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. இந்தக் கிருமி எப்போது வயிற்றுக்குள் போகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில். ஒரே அறையில் எட்டுப் பேர், ஒரே சொம்பு, சாக்கடை ஓரத்துக் கைபம்பு, லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த காலம். ஐந்து வயதில் போன கிருமி வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கும். கிருமி இருக்கிற எல்லோருக்கும் புற்று வராது, சிலருக்குத்தான் வரும். அந்தச் சிலர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் உப்புக்கும் புகையிலைக்கும் பங்கு உண்டு. காய்கறியும் பழமும் இல்லாத சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு.

அதிக உப்பு இரைப்பையின் சவ்வை அரிக்கும், கிருமிக்கு வேலை சுலபமாகும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. ஒரு டீஸ்பூன். நம்ம தெருவில் அதை யார் அளந்தார்கள்? ஒரு துண்டு கருவாட்டை வைத்துக்கொண்டு ஒரு தட்டு சோறு சாப்பிடுகிற வீடுகள் இவை. ஊறுகாய்க்கும் அதே வேலைதான். குழம்பு இல்லாத நாளில் சோற்றை உள்ளே தள்ளுவதற்கு உப்பு வேணும். ருசிக்காக மட்டும் போடுவதல்ல அது, இல்லாத குழம்புக்குப் பதிலாக நிற்கிறது. உப்பில் பதப்படுத்திய உணவு இரைப்பைப் புற்றுக்கான ஆபத்தைக் கூட்டுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஜப்பான், கொரியா அனுபவம் இதற்குப் பெரிய ஆதாரம்.

இங்கே ஒரு செய்தி. 1930 வாக்கில் அமெரிக்காவிலேயே புற்றுநோய்ச் சாவுகளில் முதலிடம் இரைப்பைப் புற்றுக்குத்தான். பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. அமெரிக்கக்காரன் திடீரென்று நல்ல புத்தியோடு சாப்பிட ஆரம்பித்துவிட்டானா என்றால் இல்லை. வீட்டுக்கு வீடு ஐஸ்பெட்டி வந்தது. உப்புப் போட்டு வைக்கிற தேவை போச்சு. பச்சைக் காயும் பழமும் வருஷம் முழுக்கக் கிடைத்தன. தண்ணீர் சுத்தமாச்சு, ஒரு அறையில் படுக்கிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது. யாருக்கும் உபதேசம் பண்ணாமலே ஒரு புற்றுநோய் பின்வாங்கிப் போயிருக்கிறது! வீடும் தண்ணியும் கேட்டுப் போராடுவது புற்றுநோய் எதிர்ப்புப் போராட்டமும்கூட என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

வீடு கொடுக்கிறோம் என்று என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கணும். குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றினார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த ஒரு ஆயா மீன் மார்க்கெட்டுக்கு நடந்தே போய், சாயங்காலம் விலை இறங்கினதும் கூறு கட்டின மீனை வாங்கி வரும். கொத்தவால் சாவடி இருந்தவரைக்கும் அங்கே சிந்தினதை, ஒதுக்கினதைப் பொறுக்கிக் குழம்பு வைத்த குடும்பங்கள் உண்டு. 1996இல் மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. பொறுக்கித் தின்பது ஒரு பெருமையா என்று கேட்காதீர்கள். பெருமையில்லைதான், ஆனால் அதில் கீரை இருந்தது, தக்காளி இருந்தது, முருங்கைக்காய் இருந்தது. எட்டாவது மாடியில், லிப்ட் வேலை செய்யாத நாளில், முட்டி வலியோடு இருக்கிற ஒரு எழுபது வயது அம்மாவுக்குக் கீழே இறங்கிக் கீரைக்கட்டு வாங்குவதே ஒரு பயணம். கீழ்க்கடையில் சுலபமாகக் கிடைப்பது பாக்கெட் அப்பளம், ஊறுகாய், பன்.

ரேஷனையும் சொல்லிவிடணும். நான் ரேஷனைப் பழிக்க மாட்டேன். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம், 2007இலிருந்து பருப்பும் பாமாயிலும் மானிய விலை. இது இல்லாமல் போயிருந்தால் பட்டினிச் சாவைப் பற்றித்தான் இங்கே பேசிக்கொண்டிருப்போம். ஆனால் அந்தப் பையில் அரிசி, சர்க்கரை, எண்ணெய், கொஞ்சம் பருப்பு. வயிறு ரொம்பும், உடம்பு ரொம்பாது. நம்ம பெண்களில் ஒரே உடம்பில் ரத்தசோகையும் தொப்பையும் சேர்ந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவன் 'நல்லா தின்னுட்டு இருக்கு' என்பான். அதிக உடல் கொழுப்புக்கும் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அதே புற்றுநோய் முகமை 2016இல் சொன்னது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்று அதில் ஒன்று. ஏழைக்கு வருவது பட்டினி நோய், பணக்காரனுக்கு வருவது கொழுப்பு நோய் என்று பழைய பாடப்புத்தகம் பிரித்து வைத்தது. நம்ம தெரு அந்தக் கோட்டை எப்பவோ அழித்துவிட்டது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. பாமாயில் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய்தான் தொல்லை. பெரிய கடைகளில் கறுத்துப்போன எண்ணெய் கைமாறித் தள்ளுவண்டிக்கு வருகிறது. 2018 ஜூலையிலிருந்து காய்ச்சின எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தெருமுனைப் பஜ்ஜிக் கடையில் போய் யார் அளப்பது? தவிர, அந்தக் கடை வைத்திருப்பதும் நம்ம அக்காதான்.

இனி வாய். இதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பேசணும், ஏன் என்று சொல்கிறேன். குப்பை அள்ளுகிறவர், மூட்டை தூக்குகிறவர், வீட்டு வேலைக்குப் போகிற அம்மா, இவங்கெல்லாம் விடியக்காலையில் ஒரு டீயோடு கிளம்பி மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் சோற்றைப் பார்ப்பார்கள். நடுவில் பசியை அடக்குவது வாயில் ஒதுக்கின புகையிலை. சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு நாற்றத்தையும் அதுதான் மறக்க வைக்கிறது. ஹான்ஸ், மாவா, வெற்றிலை பாக்கு புகையிலை எல்லாமே அவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பதில். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று 2004லேயே அறிவித்தாயிற்று. நம்ம தாத்தாக்களுக்கு இது தெரியாது. 'புகையிலைதான் கெடுதல், பாக்கு நல்லது, செரிமானம்' என்றே நினைத்திருக்கிறார்கள். குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை போட்டார்கள். எங்கே கிடைக்கும் என்று இந்தக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். டாஸ்மாக் சரக்கும் கூடச் சேர்ந்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய்க்கு ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

பாக்கு போடுகிறவருக்கு முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் நார் மாதிரி இறுகும். வாயைத் திறக்க முடியாது, மூணு விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரல்தான் நுழையும். கறியைக் கடிக்க முடியாது, கேரட்டை மெல்ல முடியாது. பல்லும் போயிருக்கும். பல் போன ஆயா வெற்றிலை பாக்கைச் சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொள்ளும். சோற்றை மட்டும் குழைத்து, ரசமோ கஞ்சியோ ஊற்றி விழுங்கும். இல்லையென்றால் டீயில் பொறை. பல்செட் வாங்கிக் கொடுப்பது சிகிச்சை என்று நம்ம வீட்டில் யாரும் நினைப்பதில்லை, சர்க்காரும் நினைப்பதில்லை. பல் இல்லாததால் காய் இல்லை, கறி இல்லை. இதைப் பற்றி யாராவது கோரிக்கை வைத்துக் கேள்விப்பட்டதுண்டா?

மாட்டுக்கறிக்கு வருகிறேன். 2015 அக்டோபரில் அந்த முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணி என்றும், சிவப்பு இறைச்சியை 'அநேகமாக இருக்கலாம்' என்ற அடுத்த படியிலும் வைத்தது. உடனே இங்கே சிலபேருக்கு ஒரே குஷி. பாத்தியா, மாட்டுக்கறி தின்னா கேன்சர்! சிவப்பு இறைச்சி என்றால் ஆடும் சேர்த்துத்தான், பன்றியும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடை வரிசையில் நிற்கிறவனை யாரும் பயமுறுத்தவில்லை. ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள். பதப்படுத்திய இறைச்சியை நாள் தவறாமல் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றின் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஏற்கெனவே இருக்கிற ஆபத்தில்தான் அந்த 18 சதவீதம். மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் பெருங்குடல் புற்று குறைவு. வாரத்துக்கு ஒருநாள் கால் கிலோ வாங்கி ஆறு பேர் சாப்பிடுகிற வீட்டுக்கும் தினமும் பேக்கன் தின்கிற நாட்டுக்கும் ஒரே உபதேசம் பொருந்தாது. ஈரல், சுவரொட்டி, போட்டி, ரத்தம் என்று நம்ம ஆளுங்க சாப்பிட்டதில் இரும்புச்சத்தும் பி12உம் இருந்தன. வேறு எந்த விலையில் அது கிடைத்திருக்கும்?

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லணும், நம்ம சாப்பாடு என்பதற்காக மறைக்கக் கூடாது. உப்புக்கண்டம் பதப்படுத்திய இறைச்சிதான். உப்புப் போட்டுக் காயவைத்தது எதுவானாலும் அந்தக் கணக்கில் வரும். தெருவோரத்துச் சில்லி பீஃப் கறுப்பு எண்ணெயில் பொரிந்தால் அதற்கும் விலக்கு இல்லை. கறியைக் குழம்பாக வேகவைத்துச் சாப்பிடுவதற்கும் கருக்கிச் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. நம்ம உணவைக் கேவலப்படுத்துகிறவனிடம் சண்டை போடுவோம். சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஆயாவுக்கு உப்பைக் குறைத்துப் போடுவோம். இரண்டையும் செய்யலாம்.

இதில் என்னைக் கோபப்படுத்துவது வேறு ஒன்று. நோய் வந்த பிறகு வைக்கிற பத்தியம். 'கவுச்சி கூடாது, முட்டை கூடாது, கறி தின்னா கட்டி வளரும்.' இதைச் சொல்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்கிறார்கள். எங்க பக்கத்தில் ஒரு ஆயாவுக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல். கேஸ் டிரபிள் என்று மெடிக்கலில் வாங்கின மாத்திரையிலேயே இரண்டு வருஷம் ஓடியது. கண்டுபிடித்தபோது இரைப்பைப் புற்று. ஊசி மருந்து தொடங்கின வாரத்திலிருந்தே வீட்டில் மீனை நிறுத்திவிட்டார்கள், யாரோ முள் சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கச் சொன்னார்கள். மூணே மாதத்தில் எலும்பும் தோலுமாக ஆனார். உடம்பு தாங்காது என்று ஊசியையும் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. நோயாளியைப் பட்டினி போட்டால் கட்டி பட்டினி கிடக்காது. சிகிச்சை நடக்கும்போது புரதம் கட்டாயம் வேணும், முட்டை, மீன், கறி, பருப்பு எது முடியுமோ அது. மென்று விழுங்க முடியாவிட்டால் மசித்துக் கொடுக்கலாம். சைவம்தான் சுத்தம், சுத்தம்தான் ஆரோக்கியம் என்கிற சாதிக் கருத்து நம்ம வீட்டு நோயாளியின் தட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மாணவர்கள் கேட்பார்கள், என்னதான் செய்வது என்று. முதல்ல, கேட்க வேண்டியது. அம்மா உணவகம் 2013இல் ஆரம்பித்தது. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். பல் இல்லாதவரும் சாப்பிடலாம். அந்தப் பட்டியலில் மசித்த கீரையும் அவித்த முட்டையும் முதியவர்களுக்கு ஏன் சேரக் கூடாது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை போட முடிகிற சர்க்காருக்கு இது முடியாத காரியம் இல்லை. மறுகுடியமர்த்தின இடங்களில் காய்கறிக் கடையும் மீன் கடையும் வேணும், லிப்ட் ஓட வேணும். பல்செட் வேணும். உதவித்தொகையைக் காய்கறி விலையோடு சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லணும்.

அடுத்தது, நாமே செய்யக்கூடியது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்துப் பெண்களைப் பரிசோதித்தார்கள். கருப்பை வாயில் வினிகர் தடவிப் பார்க்கிற எளிய முறை. கருப்பை வாய்ப் புற்றால் சாவது 31 சதவீதம் குறைந்தது என்று 2014இல் முடிவு வந்தது. அதே மும்பையில் கையால் மார்பகத்தைப் பரிசோதித்ததில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததை 2021இல் வெளியிட்டார்கள். பெரிய மிஷின் எதுவும் இல்லை. நம்ம ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வருகிற அந்த அம்மாவிடம் 'ஆயா வாயையும் ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க' என்று கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் நாமே பார்க்கலாம். மூணு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை, சோறு இறங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் இளைப்பது, கறுத்த மலம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு. இதில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் மாத்திரையோடு நிறுத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகணும். தனியா அனுப்பாதீங்க. சீட்டு எங்கே வாங்குவது, எந்தக் கட்டடம் என்று தெரியாமல் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கருவாட்டைக் கொதிக்கிற தண்ணியில் ஊறவைத்து இரண்டு தடவை அலசினால் உப்பில் ஒரு பங்கு போகும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைக் கழுவித் தின்னாதீங்க, தூக்கிப் போடுங்க. அந்தப் பூஞ்சையின் விஷம் ஈரலுக்குப் போகும், வறுத்தாலும் முழுசா அழியாது. முருங்கைக்கீரை இன்னமும் சில தெருக்களில் காசில்லாமல் கிடைக்கிறது. டீயைக் கொதிக்கக் கொதிக்கத் தொண்டையில் ஊற்றுகிற பழக்கமும் வேண்டாம், ரொம்பச் சூடான பானம் உணவுக்குழாய்க்கு ஆபத்தாக இருக்கலாம் என்று 2016இல் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மாசம் நான்கு தெருக்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து ஒரு கணக்கெடுப்பு எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். நேற்று என்ன சாப்பிட்டீங்க, கடைசியா எப்போ பழம் சாப்பிட்டீங்க, எத்தனை பல் இருக்கு, வாயில் என்ன போடுவீங்க, எந்த வருஷம் இந்த இடத்துக்கு வந்தீங்க, வீட்டில் யாருக்காவது கேன்சர் வந்து செத்தார்களா. பதிவேட்டில் இல்லாத சாதியையும் தெருவையும் நாம் எழுதுவோம். படிவம் வாசலில் நிற்கிற தோழரிடம் இருக்கிறது. இரண்டு பேர் இரண்டு பேராகப் போங்க, ஒருத்தர் கட்டாயம் பெண்ணாக இருக்கணும், டார்ச்சை மறக்காதீங்க.